கற்பனையுலக விளையாட்டுகளுக்கு ஓவியம் வரைவோரின் தொழில்: கேள்வி பதில்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டு நூல்களுக்குப் பல ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் ஓவியராக வரைந்து வருகிறேன். இத்தொழிலைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே இது ஃப்ரீலான்ஸ் தொழில்தானா?

பதில்: இல்லை. 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ரோல்-பிளேயிங் விளையாட்டு வெளிவந்தபோது அதிலிருந்த படங்கள் பெரும்பாலும் ஆர்வலர்களின் கைவண்ணமே. 1980களில் அதன் பதிப்பாளரான டிஎஸ்ஆர், லாரி எல்மோர், ஜெஃப் ஈஸ்லி போன்றோரை மாதச் சம்பளத்தில் அமர்த்தியிருந்தது; அவ்விளையாட்டின் 1983ஆம் ஆண்டுப் பதிப்பு வந்த சிவப்புப் பெட்டியின் மேல் சீறும் டிராகன் எல்மோர் தீட்டியது. 1993இல் வந்த 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு சீட்டுக்கும் தனிப்படம் தேவைப்பட்டதால், முதல் தொகுப்புக்கே 25 ஓவியர்கள் வரைந்தார்கள். அத்தனை படங்களைச் சம்பள ஓவியர் நால்வரை வைத்துக்கொண்டு வரைந்து முடிக்க இயலாது அல்லவா?

கேள்வி: என் மாதிரித் தொகுப்பில் நாற்பது டிராகன்கள் இருக்கின்றன. ஒரு கலை இயக்குநரும் பதில் எழுதவில்லையே, ஐயா?

பதில்: நாற்பதும் டிராகன்களாக இருப்பதே காரணமாக இருக்கலாம். ஒரு விதிநூலில் டிராகன் இரண்டு பக்கங்களில் வந்தால் அதிகம். மற்ற பக்கங்களில் எல்லாம் விடுதியில் பேரம் பேசும் திருடன், வாளைத் துடைக்கும் கிழவி, கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கும் மூவர் என மனிதர்களும் அவர்களின் கைகளுமே வருகின்றன. ஒரே பாத்திரத்தை மூன்று கோணங்களில், முகம் மாறாமல் வரைந்து காட்டுங்கள். பத்துப் படங்கள் போதும். தொகுப்பில் மிக மோசமான படத்தைக் கொண்டுதான் உங்களை எடைபோடுவார்கள் என்பதால், எதை நீக்குவது என்பதில் இரக்கம் காட்டாதீர்கள்.

கேள்வி: வேலை எந்த வரிசையில் நடக்கும்?

பதில்: எழுத்தில் குறிப்பு வரும், சிறு வரைவுகள், விரிவான பென்சில் வரைவு, ஒப்புதல், வண்ணம். அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), நான்கு புறமும் வெட்டுக்கென வழக்கமாக 3 மில்லிமீட்டர் கூடுதல். அட்டைப்படம் என்றால் தலைப்பு அமரும் இடத்தைக் காலியாக விடுங்கள். நான் ஒரு முறை மந்திரவாதியின் முகத்தை அங்கே வைத்துவிட்டு, முழுப்படத்தையும் மீண்டும் வரைய நேர்ந்தது.

கேள்வி: ஒப்பந்தத்தில் 'வொர்க் ஃபார் ஹையர்' என்று எழுதியிருக்கிறது. கையெழுத்திடலாமா, அண்ணா?

பதில்: வரைந்தவரின் படைப்பு தொடக்கத்திலிருந்தே வரையச் சொன்னவருக்குச் சொந்தம் என்பதே அதன் பொருள். இட்டால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து இடுங்கள். பெரிய பதிப்பாளர்கள் பலர் அமெரிக்காவில் இருப்பதால், அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நம் ஒப்பந்தங்களிலும் தலைகாட்டும். அதன்படி, ஊழியர் அல்லாத ஒருவரின் படைப்பு வொர்க் ஃபார் ஹையராகக் கொள்ளப்பட வேண்டுமானால், சட்டம் பட்டியலிட்ட வகைகளுள் ஒன்றாக இருப்பதோடு, இருதரப்பும் கையெழுத்திட்ட எழுத்துச் சான்றும் வேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் பதிப்பாளரே படைப்பாளி. உரிமையை வெறுமனே எழுதிக் கொடுத்திருந்தால், பொதுவாக 35 ஆண்டுகளுக்குப் பின் அதைத் திரும்பக் கோரும் வழியேனும் உண்டு. வொர்க் ஃபார் ஹையரில் அதுவும் கிடையாது. குறிப்பிட்ட நூலுக்கு மட்டும் உரிமம் தருவதே நமக்கு மிக நல்லது. சிறு பதிப்பாளர்கள் கேட்டால் இசைவதுண்டு.

பலர் கவனிக்காத ஒன்று: பதிப்புரிமை வேறு, கையில் இருக்கும் ஓவியம் வேறு. ஒப்பந்தம் கேட்டிராவிட்டால், எண்ணெய் வண்ண மூல ஓவியம் உங்களுடையதே. அதை ரசிகர் ஒருவருக்கு விற்கும் தொகை, வரைந்த கூலியை மிஞ்சுவதும் உண்டு. கணினியில் மட்டும் வரைவோருக்கு இந்த வருவாய் இல்லை. நான் தூரிகையைக் கைவிடாததற்குப் பாதிக் காரணம் இதுதான், மீதிக் காரணம் பிடிவாதம்.

பணம் எப்போது என்ற வரியையும் பாருங்கள். 'நூல் வெளியானபின்' என்றிருந்ததை ஏற்று ஏழு படங்கள் வரைந்தேன். அந்த நூல் மூன்று ஆண்டுகள் வெளிவரவில்லை. 'ஒப்புதல் கிடைத்தபின்' என்று மாற்றக் கேளுங்கள். வேலை பாதியில் நின்றால் தரவேண்டிய தொகையும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு நம் பிழைப்பைக் கெடுக்குமா?

பதில்: மலிவான சிறு படங்களின் வேலை குறையும் என்றே கருதுகிறேன். ஆனால் மனிதர் ஆக்காத படத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தருவதில்லை. தனக்கென உரிமை கொண்டாட முடியாத அட்டைப்படத்தைப் பதிப்பாளர் விரும்புவதில்லை. 2023இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல் ஒன்றின் படங்களில் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்பட்டது தெரியவந்ததும், அதன் இப்போதைய பதிப்பாளரான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் ஓவியர்களுக்கு அதைத் தடைசெய்தது. ஆகவே பென்சில் வரைவுகளையும் அடுக்குகள் பிரிந்த கோப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். 'இது உங்கள் கைவேலையா?' என்று கேட்டால் காட்ட வேண்டியவை அவைதாம்.

கேள்வி: இப்போதைய வேலையை விட்டுவிடலாமா?

பதில்: மூன்று பதிப்பாளர்கள் இரண்டாம் முறையாக உங்களைத் தேடி வந்த பிறகு கேளுங்கள்.