நிலத்தை அடமானம் வைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டாம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனைத் தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்து, கூடவே ஒரு தனியுரிம (ஒரு நிறுவனம் மட்டுமே கட்டுப்படுத்தும்) மென்பொருளுக்கான சான்றிதழ்ப் பயிற்சியும் அளிக்க, நிலத்தை அடமானம் வைத்து 9 லட்சம் ரூபாய் புரட்டலாமா என்று கேட்டு, கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தந்தை வந்திருந்தார். பையனோ பழைய மடிக்கணினியில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தானாகவே நிறுவி, அதிலேயே இரவு பகலாக மூழ்கியிருக்கிறான். ‘காசில்லாமல் கிடைக்கிற பொருளைப் படித்தவனுக்கு யார் காசு கொடுப்பார்கள்?’ என்று தாய்மாமன் கேட்டுவிட்டாராம்.

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் தாய்மாமன் சொல்வது தவறு. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய நிரல் வரிகளை, படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை இருப்பதால்தான் லினக்ஸ் கட்டற்ற மென்பொருள். 2005 வரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர்கள், நிரல் மாற்றங்களைப் பதிந்து நிர்வகிக்கப் பிட்கீப்பர் என்ற தனியுரிமக் கருவியையே பயன்படுத்தினார்கள். கட்டணமின்றிப் பயன்படுத்தும் அனுமதியை அந்த நிறுவனம் விலக்கிக்கொண்டதும், அந்த ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதே வேலைக்குக் கிட் என்ற கட்டற்ற கருவியை எழுதத் தொடங்கினார், ஜூனில் கெர்னலின் 2.6.12 பதிப்பே அதன் துணையோடு வெளிவந்தது. இன்று தனியுரிம நிறுவனங்களும் அந்தக் கிட்டைத்தான் நம்பியிருக்கின்றன. உலகின் அதிவேகமான முதல் 500 மீக்கணினிகள் (சூப்பர் கம்ப்யூட்டர்கள்) அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பயன்படுத்துபவரே செய்பவராகவும் இருக்கும் இடத்தில் கட்டற்ற முறை வெல்கிறது என்பதே என் கருத்து. பொறியியல் வரைபடம், படத்தொகுப்பு போன்ற துறைகளில் தனியுரிமக் கருவிகள் முந்தி நிற்பதையும், 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்பு ஓட்டை, இணையத் தகவல்களை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற நிரலில் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததையும் நான் மறைக்கப் போவதில்லை. மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, அதைப் பொறுமையாகப் படிக்க ஆள் வேண்டும்; உங்கள் மகன் அப்படிப்பட்ட ஆளாக வளரக்கூடியவன்.

பொறியியல், ஐடி நிறுவன வளாகத் தேர்வு பற்றியெல்லாம் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒரு வழி இருக்கிறது. கெர்னலில் ‘ஸ்டேஜிங்’ என்றொரு பகுதி உண்டு. வன்பொருளை இயக்க உதவும் டிரைவர் நிரல்களில் இன்னும் செம்மையாகாதவை அங்கே இருப்பதால் புதியவர்கள் தொடங்க ஏற்ற இடம் அது. அங்கே ஒரு சிறு பிழையைக் கண்டு திருத்தி, நிரல் எழுதும் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் நிரலால் சோதித்து, ‘இதைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்று உறுதி கூறும் வரியைத் தன் பெயரோடு சேர்த்து, அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் முதல் தடவை திரும்பி வரும். குறைகளை வெளிப்படையாக எழுதுவார்கள். இரண்டாம், மூன்றாம் வடிவம் அனுப்ப வேண்டியிருக்கும். எந்த வகுப்பறையும் இவ்வளவு நுணுக்கமாக ஒரு மாணவனின் நிரலைத் திருத்தித் தருவதில்லை. ஏற்கப்பட்டுவிட்டால், அவன் பெயரோடு அந்தத் திருத்தம் கெர்னலின் வரலாற்றில் நிலைத்துவிடும். நேர்காணல் நடத்துபவர் அதைத் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். 18 வயது நிறைந்ததும், கட்டற்ற மென்பொருள்களுக்கு நிரல் எழுதப் புதியவர்களுக்கு வாய்ப்பளித்து 2005 முதல் நடந்துவரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்; போட்டி கடுமை, ஆனால் தேர்வாகி வேலையை முடித்தால் உதவித்தொகை உண்டு.

பட்டத்துக்கு அரசு கலைக் கல்லூரியின் கணினி அறிவியலே போதும். நிலத்தை அடமானம் வைக்கவே கூடாது. முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். அடுத்த முறை மகனையும் அந்த மடிக்கணினியையும் அழைத்து வாருங்கள். கெர்னலைக் கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலை இயங்கும் வடிவமாக மாற்ற, மடிக்கணினியின் ரேம் போதுமா என்று முதலில் பார்ப்போம். போதாவிட்டால் இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டிய செலவு அது ஒன்றுதான்.