உயர்த்திய பிக்கப்பும் குறைந்த மைலேஜும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் நான்கு சக்கர இழுவை கொண்ட ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது. பேட்ரே தீவுக் கடற்கரை மணலில் குடும்பத்தோடு போய்வர வசதியாக இருக்கும் என்று எண்ணி, சென்ற ஆண்டு வண்டியை 4 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் 35 அங்குல டயர்களும் போட்டேன். அதற்கு முன் கேலனுக்கு 20 மைல் கொடுத்த வண்டி இப்போது 16 மைல்தான் கொடுக்கிறது. மைலேஜில் பெரிய மாற்றம் இராது என்றுதான் கடையில் சொன்னார்கள். கிட்டைக் கழற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், கேட்டி, டெக்சாஸ்

பதில்: கழற்றுவதற்கு முன் கணக்கைச் சரிபார்த்துவிடுவோம். டயர் மாற்றியபோது ஸ்பீடோமீட்டரையும் திருத்தி அமைத்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. திருத்தவில்லை என்றால் நீங்கள் இழந்தது 4 மைலைவிடக் குறைவு.

உங்கள் வண்டியில் முதலில் இருந்தது 275/65 ஆர்18 டயர் என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் ஏறக்குறைய 32 அங்குலம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 8.4 அடி நகரும். 35 அங்குல டயரோ அதே ஒரு சுற்றில் 9 அடிக்கு மேல் கடந்துவிடும். வண்டியின் கணினிக்கு டயர் மாறியது தெரியாதாகையால், அது பழைய அளவை வைத்தே சுற்றுகளை எண்ணி, நீங்கள் 109 மைல் ஓட்டியிருக்கும்போது 100 மைல் என்று காட்டுகிறது. ஆகவே 16 மைல் என்று நீங்கள் வகுத்துக் கண்டது உண்மையில் 17.5 மைல். இழப்பு இரண்டரை மைல்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டயரிலுள்ள கோடு மறுபடி தரைக்கு வரும்வரை வண்டியை மெல்ல உருட்டி, இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்துவிடுங்கள். வண்டியின் எடையில் டயர் சற்று அமுங்குவதால் ஏட்டுக்கணக்கைவிடச் சில அங்குலம் குறைவாகவே வரும். அந்த அளவைத்தான் நம்ப வேண்டும்.

இதே பிழைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, பெட்ரோலைத் தின்பதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது. முள் 70 மைல் காட்டும்போது நீங்கள் உண்மையில் 76 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப (வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு) உயர்வதால், முன்பு 70-ல் ஓட்டியதைவிட இப்போது சுமார் 19 சதவீதம் கூடுதல் காற்றை, உங்களுக்கே தெரியாமல், தள்ளிக்கொண்டு ஓடுகிறீர்கள். சான் அன்டோனியோ போகும் ஐ-10 நெடுஞ்சாலையில் 75 மைல் வரம்பைச் சரியாகக் கடைப்பிடிப்பதாக நினைத்து, 82-ல் பறந்துகொண்டிருப்பீர்கள். காவலர் நிறுத்தினால் இந்த விளக்கமெல்லாம் எடுபடாது. எனவே முதல் வேலையாக, டயரின் புதிய அளவை வண்டியின் கணினியில் பதிவு செய்யுங்கள். அதற்கான கருவி வைத்திருக்கும் எந்தப் பணிமனையிலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மிச்சமுள்ள இழப்பை உயரமும் டயரும் பங்கிட்டுக்கொள்கின்றன. முன் பம்பருக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். எதிர்க்காற்று ஆக்ஸில், கியர்பாக்ஸ், பெட்ரோல் டாங்கு ஆகியவற்றில் மோதிச் சுழலாதபடி விலக்கிவிடுவது அதன் வேலை. வண்டியை 4 அங்குலம் உயர்த்தும்போது அந்தத் தடுப்புக்கு அடியில் அகலமான வாசல் திறந்துவிடுகிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது இது பொருட்டல்ல. நெடுஞ்சாலையில் நன்றாகவே தெரியும். டயரின் குறும்பு ஊருக்குள் வெளிப்படும். கனமான டயரைச் சிக்னலுக்குச் சிக்னல் புதிதாகச் சுழற்றிவிட வேண்டும். அதுவும் கடைத் தெருவில் கம்பீரமாகத் தெரியும் சேற்று டயராக இருந்தால், அதன் பெரிய கட்டைகள் ஒவ்வொன்றும் தார்ச்சாலையில் நசுங்கி நிமிர்வதற்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. ஓசையை வைத்தே அதைக் கண்டுகொள்ளலாம்.

கிட் போட்டபின் அலைன்மென்ட் (சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்பது) பார்த்தீர்களா? டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லாகவும் உறுத்தினால் முன் சக்கரங்கள் நேராக ஓடவில்லை என்று பொருள். டயரும் தேயும், மைலேஜும் குறையும்.

ஆக்ஸிலின் கியர் விகிதத்தை மாற்றச் சொல்லி யாராவது யோசனை கூறக்கூடும். 3.55 விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஆக்ஸிலுக்கு வரும் தண்டு 3.55 சுற்றுச் சுற்றுவது) கொண்ட வண்டி பெரிய டயரால் 3.25 போல, இழுவை குறைந்து, நடந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு சக்கர இழுவை என்பதால் முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால் உங்களுடைய உண்மையான கூடுதல் செலவு சுமார் 107 கேலன். கேலன் 3 டாலர் என்றால் 320 டாலர். கனமான டிரெய்லர் இழுக்காதவருக்கு அந்த மாற்றம் வீண்செலவு என்பதே என் கருத்து. கிட் இருக்கட்டும். இந்த டயர்கள் தேய்ந்தபின், எடை குறைந்த 33 அங்குல டயருக்கு இறங்கிவிடுங்கள். கணினியில் அந்த அளவையும் மறவாமல் மாற்றிக்கொள்ளுங்கள். மணலில் கைகொடுப்பது உயரத்தைவிட டயரின் காற்றைக் குறைப்பதுதான். திரும்பும்போது, தார்ச்சாலை ஏறுமுன், காற்றை மறுபடி நிரப்பிவிட வேண்டும்.

கேள்வி: என் இசூசு வி-கிராஸ் பிக்கப்புக்கு 3 அங்குல லிஃப்ட் போட நினைக்கிறேன். இப்போது லிட்டருக்கு 12 கி.மீ. கிடைக்கிறது. எவ்வளவு குறையும்?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: மைலேஜுக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறியாமல் கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தோட்டத்து மண்பாதையும் 60 கி.மீ. வேகமும்தான் உங்கள் அன்றாடம் என்றால், உயரத்தால் வரும் இழப்பு சிறிதாகவே இருக்கும். டயரையும் பெரிதாக்கினால்தான் கை கடிக்கும்.

கேள்வி: முன்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் உயர்த்தி வண்டியைச் சமமாக்கினால் மைலேஜ் கெடுமா?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: பழைய டயரையே வைத்துக்கொண்டால், ஒரு டாங்குக்கும் அடுத்த டாங்குக்கும் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்திலேயே அந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆனால் பிக்கப்பின் பின்பக்கம் சற்று உயர்ந்திருப்பது, சுமை ஏற்றியபின் வண்டி சமமாக நிற்பதற்காகத்தான். முன்பக்கத்தை உயர்த்திவிட்டுப் பின்னால் அரை டன் ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும். முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சுமை ஏற்றுபவராக இருந்தால் வேண்டாம். இல்லையென்றால், கிட் போட்ட அன்றே அலைன்மென்ட்டோடு விளக்கின் கோணத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.