ஏர்போர்ட் வரப்போகுது, நிலத்தை இப்பவே வித்துருங்கன்னு சொல்றாக. விக்கலாமா?

கேள்வி: வக்கீல் சார் வணக்கம். செட்டிநாட்டுல பழைய ரன்வே இருக்குற பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் புன்செய் இருக்கு. எங்க ஐயாவும் (அப்பாவோட அப்பா) அவக தம்பியும் 1958ல சேர்ந்து சொந்தக் காசுல வாங்குனது, பட்டா இன்னைக்கும் அவக ரெண்டு பேரு பேர்லதான் கூட்டா இருக்கு. ஐயா 1971ல தவறிட்டாக, அப்பத்தா 1990ல, அப்பச்சியும் (எங்க அப்பா) இப்ப இல்ல. யாரும் உயில் எழுதல. நானும் ஆத்தாவும் (எங்க அம்மா) ஊர்ல இருக்கோம், தம்பி சிங்கப்பூர்ல, பொங்கலுக்கு வருவான். அத்தை தேவகோட்டையில இருக்காக, சின்ன ஐயா பிள்ளைக மலேசியாவுல. ஒரு புரோக்கர் வந்து இங்க ஏர்போர்ட் வரப்போகுது, கவர்மெண்ட் எடுத்தா ஒண்ணும் தேறாது, ஏக்கர் 15 லட்சத்துக்கு இப்பவே குடுத்துருங்க, 1 லட்சம் ரொக்கமா வாங்கிக்கிட்டு பவர் (எனக்காக நீ கையெழுத்துப் போடலாம்ங்குற அதிகாரப் பத்திரம்) எழுதிக் குடுங்க, கிரயத்துல கைடுலைன் மதிப்பை (பதிவுக்கு அரசாங்கம் வச்சிருக்குற மதிப்பு) மட்டும் போட்டுக்கலாம்ங்குறாரு. ரோட்டோரமா ஆத்தாவுக்கு ஒரு சின்ன வீடு கட்டலாம்னு இருந்தோம், அதையும் நிறுத்திட்டோம். என்ன செய்யுறது?

பதில்: ஆச்சி, வீட்டு வேலையை ஏர்போர்ட்டுக்காக நிறுத்தியிருந்தா அதுக்கு இப்ப அவசியமே இல்ல, பவர் மட்டும் யாருக்கும் எழுதிக் குடுத்துறாதீங்க. மத்ததை விவரமா சொல்றேன்.

அந்த ரன்வே இரண்டாம் உலகப்போர் சமயத்துல போட்டது, பின்னாடி அந்தப் பக்கமெல்லாம் கால்நடைப் பண்ணைக்குப் போயிருச்சு, அதை மறுபடி ஏர்போர்ட்டா ஆக்கணும்ங்குற பேச்சு நம்ம ஊர்ல ரொம்ப காலமா ஓடிக்கிட்டு இருக்கு. பேச்சு, பேப்பர்ல வர்ற செய்தி, சாத்தியக்கூறு ஆய்வு, ட்ரோன் வச்சு அளக்குறது, இது எதுவுமே உங்க நிலத்து மேல உங்களுக்கு இருக்குற உரிமையைத் துளிகூடக் குறைக்காது. கெசட்ல உங்க சர்வே நம்பர் போட்டு நோட்டிஃபிகேஷன் வர்ற வரைக்கும் விக்கலாம், கட்டலாம், பிரிச்சுக்கலாம். சொத்துரிமை அரசியல் சட்டம் 300ஏ பிரிவுல இருக்கு, 2024 மே மாசம் கொல்கத்தா மாநகராட்சி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு அதை இன்னும் விரிச்சுச் சொல்லியிருக்கு: முறையா நோட்டீஸ் குடுக்கணும், ஆட்சேபணையைக் கேக்கணும், காரணம் சொல்லி முடிவு எடுக்கணும், பொதுக் காரியத்துக்காக மட்டும்தான் எடுக்கணும், நியாயமான இழப்பீடு தரணும், இதுல ஒண்ணு விட்டாலும் கோர்ட்டுல எதிர்த்துக் கேக்கலாம்னு.

நோட்டிஃபிகேஷன் வந்தா கதை மாறும், எந்தச் சட்டத்துல வருதுங்குறதைப் பொறுத்து எவ்வளவு மாறும்ங்குறது இருக்கு. 2013 நில எடுப்புச் சட்டத்துல வந்தா முதல்ல சமூகத் தாக்க ஆய்வு, அப்புறம் 11ஆம் பிரிவு நோட்டிஃபிகேஷன், அதுலருந்து 60 நாளைக்குள்ள நீங்க ஆட்சேபணை குடுக்கலாம். அந்த 11ஆம் பிரிவு வந்த நாள்லருந்து கலெக்டர் அனுமதி இல்லாம விக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. ஆனா தமிழ்நாட்டுல இந்த மாதிரி பெரிய திட்டத்துக்கு அரசாங்கம் பெரும்பாலும் கையில எடுக்குறது 1997ஆம் வருஷத்து தொழிற்காரியங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தை. பரந்தூர்ல 13 கிராமத்துல எடுக்குறது அதுலதான். அதுல சமூகத் தாக்க ஆய்வு கிடையாது. 3(2) பிரிவுல காரணம் கேட்டு ஒரு நோட்டீஸ் வரும், உங்க பதிலைக் கேட்டுட்டு 3(1)ல கெசட்ல போட்டாங்கன்னா அன்னைக்கே நிலம் சர்க்காருக்குப் போயிரும். அதனால 3(2) நோட்டீஸ் வந்தா அதுல சொல்லியிருக்குற கெடுவுக்குள்ள எழுத்துல ஆட்சேபணை குடுத்தே ஆகணும், நேர்ல விசாரணை கேக்கணும், தாசில்தார் ஆபீஸ்ல சும்மா வாய்ல சொல்லிட்டு வர்றது எதுக்கும் ஆகாது. இந்த 1997 சட்டத்தையும் சேர்த்து 3 மாநிலச் சட்டங்களை 2019ல நம்ம ஹைகோர்ட்டு செல்லாதுன்னு சொல்லுச்சு, சட்டசபை மறுபடி சட்டம் போட்டு உயிர் குடுத்துச்சு, 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டு அது செல்லும்னு சொல்லிருச்சு. அதனால இந்தச் சட்டமே செல்லாதுன்னு யாராவது வழக்குப் போடக் கூப்பிட்டா அதை நம்பி பணம் கட்டாதீங்க.

இப்ப பணத்துக்கு வருவோம், ஏன்னா புரோக்கர் உங்களை மிரட்டுறது இதுலதான். ரெண்டு சட்டத்துல எதுல எடுத்தாலும் இழப்பீடு 2013 சட்டத்து முதல் அட்டவணைப்படிதான் போடணும். கைடுலைன் மதிப்பு என்னன்னு பார்ப்பாங்க, சுத்துவட்டாரத்துல முந்தின 3 வருஷத்துல பதிவான அதே மாதிரி நிலத்துக் கிரயங்கள்ல விலை கூடுன பாதியை மட்டும் எடுத்து சராசரி போடுவாங்க, ரெண்டுல எது கூடவோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமப்புறமா இருந்தா அதை ஒரு காரணியால பெருக்கணும், சட்டம் 1லருந்து 2 வரைக்கும் விடுது. அதோட மரம், கிணறு, கட்டடம் மதிப்பைக் கூட்டி, வர்ற தொகைக்குச் சமமா இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை.

உதாரணத்துக்குக் கணக்கு போட்டுப் பாருங்க. சராசரி ஏக்கருக்கு 8 லட்சம், காரணி 1.25னு வச்சுக்கிட்டா 10 லட்சம். புளிய மரம், போர், வேலி எல்லாம் ஒரு லட்சம்னா 11. ஆறுதல் தொகை இன்னொரு 11, ஆக ஏக்கருக்கு 22 லட்சம். 2013 சட்டத்துல எடுத்தா சந்தை மதிப்பு மேல வருஷத்துக்கு 12 சதவீதம் தனியா உண்டு, 96ஆம் பிரிவுப்படி வருமான வரியும் கிடையாது. இது உங்க ஊர் விலைன்னு சொல்லல, கணக்கு எப்படி ஓடும்னு காட்டுறேன். அதே கணக்குல ஊர்ல எல்லாரும் 15 லட்சத்துக்கு வித்துட்டு பத்திரத்துல கைடுலைன் 6 லட்சத்தைப் போட்டாங்கன்னு வைங்க, சராசரி 6க்கு இறங்கும், ஏக்கருக்கு 17 லட்சம்தான் வரும். புரோக்கர் சொல்ற மாதிரி பத்திரத்துல குறைச்சுப் போடுறது விக்காம நிலத்தை வச்சிருக்குற அக்கம்பக்கத்துக் குடும்பம் எல்லாத்தோட இழப்பீட்டையும் அடிக்குது, இதை ஊர்க்கூட்டத்துல எடுத்துச் சொல்லுங்க. ரொக்கமா ஒரு லட்சம் வாங்குறதும் தப்பு, நிலத்துக்கு 20 ஆயிரமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குனா வாங்குன அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்துல இடம் இருக்கு.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். உங்க கேள்வியில என்னைக் கவலைப்பட வச்சது ஏர்போர்ட் இல்ல ஆச்சி, பட்டாதான். 1971ல தவறுனவக பேர்ல இன்னும் பட்டா இருக்கு, அதுல நீங்க 4 ஏக்கருக்கும் பவர் எழுதிக் குடுக்கலாமான்னு கேக்குறீங்க. உங்க பங்கு எவ்வளவுன்னு பார்ப்போம். ஐயாவுக்குப் பாதி, அதாவது 2 ஏக்கர். சொந்தக் காசுல வாங்குனது, உயில் இல்ல, அதனால 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பத்தா, அப்பச்சி, அத்தை மூணு பேருக்கும் சமமாப் போகும். அத்தைக்குக் கல்யாணம் 1989க்கு முன்னாடியே ஆயிருச்சு, அவகளுக்குப் பங்கு இல்லன்னு பங்காளிக யாராவது சொல்லுவாக, அந்தக் கணக்கு பூர்வீகச் சொத்துக்குத்தான், ஐயா சுயமாச் சம்பாதிச்ச சொத்துல 1971லயே மகளுக்கு மகன் அளவுக்குப் பங்கு உண்டு. அப்பத்தா பங்கு அவக காலத்துக்கப்புறம் அப்பச்சிக்கும் அத்தைக்கும் பாதிப்பாதி. ஆக அப்பச்சிக்கு 1 ஏக்கர், அத்தைக்கு 1 ஏக்கர். அப்பச்சியோட 1 ஏக்கர் ஆத்தா, நீங்க, தம்பி மூணு பேருக்கு. 4 ஏக்கர்ல நீங்க தனியா கையெழுத்துப் போட்டு செல்லுறது 33 சென்ட் சொச்சம், அதுவும் எந்தப் பக்கம்னு பிரிக்காத 33 சென்ட்.

இது தெரியாம புரோக்கர் உங்ககிட்ட வரலன்னு நினைக்கிறேன். ஒரு பங்குதாரர்கிட்ட பவர் வாங்கிட்டா உள்ள ஒரு கால் வச்ச மாதிரி, பின்னால இழப்பீடு வரும்போது எனக்கும் உரிமை இருக்குன்னு ஒரு மனு போட்டா போதும், யாருக்கு எவ்வளவுங்குற தகராறு தீர்ற வரைக்கும் பணம் கோர்ட்டுல டெபாசிட்டா கிடக்கும். கூட்டுப் பட்டா நிலத்துக்கு இழப்பீடு வந்து, வாரிசு யாருன்னு தீராம வருஷக்கணக்கா பணத்தைத் தொட முடியாம நிக்கிற குடும்பங்களை எங்க பக்கத்துக் கோர்ட்டுல நிறைய பார்க்குறோம், அதுவும் வெளிநாட்டுல ஆளுக இருக்குற நம்ம ஊர்க் குடும்பங்கள்ல இது ரொம்பவே அதிகம்.

அதனால இப்ப செய்ய வேண்டியது பாகப்பிரிவினை. முதல்ல மூலப்பத்திரத்தைத் தேடி எடுங்க, 1958லருந்து வில்லங்கம் போடுங்க, எஃப்.எம்.பி. (புல அளவை) வரைபடமும் அ-பதிவேடும் (நில விவரம் இருக்குற ரெவின்யூ பதிவேடு) எடுத்து அளவு ஒத்துப்போகுதான்னு பாருங்க, 80கள்ல நில ஆவணத்தைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். சர்வேயில நம்ம பக்கம் பேரும் அளவும் மாறிக் கிடக்குற நிலம் ஏராளம், அப்படி இருந்தா டி.ஆர்.ஓ.கிட்ட (மாவட்ட வருவாய் அலுவலர்) மனு போட்டுத் திருத்தணும். தவறுனவக எல்லாருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேணும். மலேசியாவுல இருக்குறவக நேர்ல வர முடியலன்னா அங்க இந்திய ஹை கமிஷன்ல கையெழுத்துப் போட்டு, நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருத்தருக்கு இந்தப் பாகப்பிரிவினைக்கு மட்டும்னு ஸ்பெஷல் பவர் அனுப்பலாம், அது இந்தியாவுக்கு வந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டிறணும், இந்தக் கெடுவைத் தவற விடுறவங்கதான் அதிகம். பாகப்பிரிவினையைப் பதிவு பண்ணி, உட்பிரிவு போட்டு, தனித்தனிப் பட்டா வாங்கிட்டா அவரவர் பங்குக்கு அவரவர் பேர்ல நோட்டீஸ் வரும், அவரவர் கணக்குல பணம் வரும். ஏர்போர்ட்டே வரலன்னாலும் இது செஞ்சே ஆக வேண்டிய வேலைதான்.

ஆத்தா வீடு விஷயம். ரோட்டோரப் பங்கு உங்க குடும்பத்துக்குன்னு பிரிச்சு எழுதிக்கிட்டு முறையா அனுமதி வாங்கிக் கட்டுங்க. நோட்டிஃபிகேஷனுக்கு முன்னாடி கட்டுன வீட்டுக்கு மதிப்புப் போட்டுத் தருவாங்க, குடியிருக்குற வீடே போனா மறுவாழ்வுத் திட்டத்துல வீடு கேக்கவும் உரிமை உண்டு. நோட்டிஃபிகேஷன் வந்தப்புறம் கட்டுனா அது கணக்குலயே வராது. இழப்பீட்டுக்காகவே கட்டுறேன்னு மட்டும் இறங்காதீங்க, போட்ட காசு திரும்ப வராது. மாடி உயரம் பத்திக் கேக்குறவங்களுக்கு ஒண்ணு: ஏர்போர்ட் இயங்க ஆரம்பிச்சா சுத்தி 20 கிலோமீட்டர் வரைக்கும் உயரக் கட்டுப்பாட்டு விதி 2015 பேசும், தரைவீட்டுக்கும் ஒரு மாடிக்கும் பெரும்பாலும் தொல்லை வராது, ரன்வேக்கு நேர்கோட்டுல இருக்குற நிலமா இருந்தாத்தான் யோசிக்கணும்.

இன்னொரு பயம் நியாயமானது, அதை நீங்க கேக்கலன்னாலும் சொல்லிறேன். திட்டம்னு ஒண்ணு போட்டுட்டு எடுக்கவும் மாட்டாங்க விடவும் மாட்டாங்க, நடுவுல நிலத்துக்காரன் விக்கவும் முடியாம கட்டவும் முடியாம நிப்பான். கோயம்புத்தூர் ஏர்போர்ட் விரிவாக்கத்துல பத்து வருஷத்துக்கு மேல அப்படித்தான் இழுத்துச்சு. மதுரையில ரன்வேயை 7,500 அடியிலருந்து 12,500 அடியாக்குற திட்டத்துல சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் 2024 நவம்பர்ல மாற்று இடம் குடுக்காம காலி பண்ண மாட்டோம்னு உக்காந்தாங்க, ஹைகோர்ட்டு மதுரைக் கிளை வரைக்கும் போச்சு. உங்க நிலத்தை மாஸ்டர் பிளான்ல ஏதாவது பொதுக் காரியத்துக்குன்னு ஒதுக்கி வச்சா நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, 38ஆம் பிரிவு கையில இருக்கு, கெசட் அறிவிப்பு வந்து 3 வருஷத்துக்குள்ள எடுக்குறதா அறிவிக்கலன்னா, பேசி வாங்கவும் இல்லன்னா, அந்த ஒதுக்கீடு தானா விடுபட்டதா ஆயிரும். ஹைகோர்ட்டு இதைப் பல வழக்குல உறுதி பண்ணியிருக்கு. காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சு, மாஸ்டர் பிளான் வரைவு எப்ப வந்தாலும் உங்க சர்வே நம்பர் என்ன நிறத்துல இருக்குன்னு பாருங்க, ஆட்சேபணைக்குக் குடுக்குற நாளை விட்டுறாதீங்க.

ஏர்போர்ட்டே வேணாம்னு நான் சொல்லல. திருச்சிக்கும் மதுரைக்கும் போய்த்தான் பிளேன் ஏறணும்ங்குற நிலைமை நம்ம சனத்துக்கு இருக்கு, வெளிநாட்டுல இருந்து படைப்புக்கும் (முன்னோரைக் கும்பிடுற விசேஷம்) திருவாதிரைக்கும் வந்து போறவக கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா இது மானாவாரிப் பூமி, கண்மாயும் ஊரணியும்தான் உசிரு. ஏர்போர்ட் திட்டத்துக்கு 2006 சுற்றுச்சூழல் அறிவிப்புப்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்தணும், அன்னைக்கு ஊர்ல இருக்குறவக போய் எந்த வரத்துக்கால் எந்தக் கண்மாய்க்குப் போகுது, அது அடைபட்டா எத்தனை ஊரணி வத்தும்னு சர்வே நம்பரோட எழுதிக் குடுக்கணும். வெறும் எதிர்ப்புன்னு எழுதுனா கோப்புல போயிரும், வரத்துக்கால் சர்வே நம்பரோட எழுதுனா அதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்.

உடனடியா ஒரு வேலை. 10 ரூபா கட்டணத்தோட கலெக்டர் ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. மனு ஒண்ணு போடுங்க, உங்க சர்வே நம்பர் எந்த நில எடுப்பு முன்மொழிவுலயாவது இருக்கா, இருந்தா வரைபட நகல் வேணும்னு கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். புரோக்கர் மறுபடி வந்தா அந்தப் பதில் வரட்டும்னு சொல்லி அனுப்பிருங்க. மலேசியாவுக்கு இன்னைக்கே போன் போட்டு பவர் வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க. தம்பி பொங்கலுக்கு வர்றப்ப லீவு 10 நாளாவது கூட இருக்குற மாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்க, பண்டிகை நாள்ல சார்பதிவாளர் ஆபீசும் லீவு, டோக்கன் கிடைக்குறதும் கஷ்டம். அத்தையைத் தேவகோட்டையில நேர்ல போய்ப் பார்த்துப் பேசுங்க, போன்ல சொல்லி முடிக்காதீங்க, அவக 1 ஏக்கர்க்காரக.