முழங்கால் வலிக்கு எலிப்டிகல்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு 52 வயது. உயரம் 157 செ.மீ., எடை 78 கிலோ. இரண்டு முழங்கால்களிலும் ஆரம்பநிலைத் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொன்னார்கள். நடக்கப் போனால் இருபதாவது நிமிடத்தில் வலது முழங்கால் பிடித்துக்கொள்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய எலிப்டிகல் (நின்றபடியே பெடல் மிதிக்கும் இயந்திரம்) வாங்கலாம் என்று நானும் கணவரும் (178 செ.மீ., 84 கிலோ) போய்ப் பார்த்தோம். ஒன்று சின்னது, ஸ்ட்ரைடு (பெடல் முன்னும் பின்னும் போகும் தூரம்) 12 அங்குலம், அறை மூலையில் அடங்கிவிடும். இன்னொன்று 18 அங்குலம், இடத்தை அடைக்கிறது. சின்னதில் பத்து நிமிடம் மிதித்துப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. ஆனால் திரையில் இதயத்துடிப்பு 98-ஐத் தாண்டவே இல்லை. 130 வரை போகவேண்டும் என்றார் விற்பனையாளர். என் இதயத்தில் ஏதாவது கோளாறா? எந்த இயந்திரத்தை வாங்குவது?

பதில்: முதலில் அந்த 98-ஐப் பற்றிப் பேசிவிடுவோம். இயந்திரத்தைவிட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விற்பனையாளர் சொன்ன 130 எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உங்களுக்கு 168. மிதமான உடற்பயிற்சிக்கு அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது 108 முதல் 128 வரை என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் சாப்பிடும் மெட்டோபிரோலால், பீட்டா பிளாக்கர் வகை மருந்து. இதயத்தை மெதுவாகத் துடிக்க வைப்பதே அதன் வேலை. நீங்கள் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாமல் அது பிடித்து வைத்திருக்கும். 130-ஐ எட்டியே தீருவேன் என்று மிதித்தால் முழங்கால்தான் முதலில் பழுதாகும். தவிர, கைப்பிடியில் இருக்கும் உலோகத் தகடு காட்டுகிற துடிப்பு அவ்வளவு துல்லியமானதும் அல்ல. உள்ளங்கை வியர்த்தாலும் பிடி தளர்ந்தாலும் எண் மாறிவிடும்.

அதற்குப் பதிலாக உங்கள் பேச்சையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சை இழுக்கவேண்டி வந்தால் வேகம் அதிகம்.

அதற்காக உங்கள் இதயத்தைப் பரிசோதிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 52 வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்திருக்கும்போது, புதிதாகப் பயிற்சி தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. ஈசிஜி போதுமா, டிரெட்மில் பரிசோதனையும் வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். அந்தப் பத்து நிமிடத்தில் நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, கண் இருட்டல் ஏதாவது இருந்திருந்தால் கடைக்குத் திரும்பப் போவதற்கு முன் மருத்துவரிடம் போங்கள். மெட்டோபிரோலாலை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தக் கூடாத மருந்துகளில் அதுவும் ஒன்று.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். 12 அங்குலம் வேண்டாம்.

இடம் அடைக்காது என்பதற்காகத்தான் பலர் அதை வாங்குகிறார்கள். ஆனால் எலிப்டிகல் என்று பெயர் வந்ததே பாதம் போகும் பாதை நீள்வட்டம் என்பதால். 1995-இல் ப்ரீகோர் நிறுவனம் இந்த வகை இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் கவர்ச்சியே இதுதான்: ஓடுவதுபோலக் கால் முன்னும் பின்னும் போகும், ஆனால் பாதம் பெடலை விட்டு எழும்பாது. ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலுக்குள் ஏறுகிறது. எலிப்டிகலில் அந்த மோதலே இல்லை. தேய்ந்த மூட்டுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் ஸ்ட்ரைடு, அதாவது முன் கோடியிலிருந்து பின் கோடி வரை பெடல் போகும் தூரம், குறையக் குறைய நீள்வட்டம் வட்டமாகிவிடும். கால் முன்னே போவதற்குப் பதிலாக மேலும் கீழும் போகும். அது நடை அல்ல, படியேறுவது. படியேறும்போது முழங்கால்சிப்பிக்குப் பின்னால் வலிக்கிறவர்களுக்குச் சின்ன எலிப்டிகலிலும் அதே இடத்தில் வலிக்கும். இருபது நிமிட நடையே தாங்காத உங்கள் வலது காலுக்கு அது எதற்கு?

உங்கள் உயரத்துக்கு 16 முதல் 18 அங்குலம் வரை சரியாக இருக்கும். கணவரின் உயரத்துக்கு 18-லிருந்து 20, அதற்கு மேலும் போகலாம். இருவருக்கும் பொதுவான எண் 18. அவருக்குக் கொஞ்சம் குறுகலாகத் தோன்றலாம், பரவாயில்லை, அவருக்கு மூட்டு வலி இல்லை. ஸ்ட்ரைடை மாற்றி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள இயந்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்பதால் உங்கள் காலுக்குப் பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? வீட்டில் எந்த ஷூவோடு பயிற்சி செய்யப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு போங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மிதியுங்கள், கூச்சப்பட வேண்டாம். கணவர் பக்கவாட்டில் நின்று கைபேசியில் வீடியோ எடுக்கட்டும், அப்புறம் முன்னால் நின்று ஒன்று. பக்கவாட்டு வீடியோவில் உங்கள் குதிகாலைப் பாருங்கள். கால் பின்னால் போகும்போது குதிகால் பெடலை விட்டு ரொம்பத் தூக்கிக்கொண்டால், இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடினால், ஸ்ட்ரைடு உங்களுக்கு நீளம். முன்னாலிருந்து எடுத்ததில் முழங்கால்சிப்பி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். அது பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கவேண்டும். இரண்டு பெடல்களுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் கால்களை அகட்டி வைத்து மிதிக்கவேண்டி வரும், முழங்கால் உள்ளே மடங்கும். என்னிடம் இடுப்பு வலி என்று வந்த ஒருவர் இப்படியொரு வீடியோவைக் காட்டிய பிறகுதான் எனக்கே காரணம் பிடிபட்டது. அதுவரை அவருடைய முதுகைத்தான் படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சோதியுங்கள். எல்லோரும் எதிர்ப்புவிசை எத்தனை நிலை வரை ஏறுகிறது என்று கேட்பார்கள். நீங்கள் நிலை ஒன்று எவ்வளவு லேசாக இருக்கிறது என்று பாருங்கள். சில இயந்திரங்களில் நிலை ஒன்றே கனமாக இருக்கும். வலியோடு தொடங்குகிறவருக்கு அது ஆகாது. மெதுவாக மிதிக்கும்போது சுற்று சீராகப் போகவேண்டும். மேல்புள்ளியில் சிக்கி, பிறகு தடக்கென்று விழுவதுபோல இருந்தால் ஃப்ளைவீல், அதாவது சுற்றைச் சீராக வைத்திருக்கும் கனமான சக்கரம், போதாது என்று அர்த்தம். ஃப்ளைவீல் இத்தனை கிலோ என்று அட்டையில் போட்டிருப்பதைவிட உங்கள் முழங்கால் உணர்வதை நம்புங்கள். காந்த எதிர்ப்புவிசை உள்ளதாக எடுத்தால் சத்தமும் தேய்மானமும் குறைவு. எடை வரம்பு உங்கள் கணவரின் எடையைவிட 20, 30 கிலோ கூடுதலாக இருக்கட்டும். நகரும் கைப்பிடியை அழுத்தித் தள்ளினால் அடிப்பாகம் தரையிலிருந்து எழும்புகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஃப்ளைவீல் முன்னால் இருப்பதா பின்னால் இருப்பதா என்று பெரிய விவாதமே நடக்கும், மிதித்துப் பார்த்து வசதியாக இருந்தால் எதுவானாலும் சரி. எத்தனை கலோரி கரைந்தது என்று திரை காட்டுவதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளதைவிடத் தாராளமாகவே காட்டும்.

கூரையை அளந்தீர்களா? இதைப் பலர் மறந்துவிட்டு, இயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகு தலையில் கைவைப்பார்கள். பெடல் உச்சிக்கு வரும்போது தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், கணவரின் 178-ஐச் சேர்த்து 223, மேலே ஒரு 15 விட்டால் 238 செ.மீ. தேவை. மேலே மின்விசிறி தொங்கினால் கணக்கே வேறு.

வாங்கிய பிறகு முதல் வாரம் ஐந்து நிமிடம், நிலை ஒன்று, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அவ்வளவுதான். ஏறும்போது அசையாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்திருக்கும் பெடலில் முதலில் கால் வையுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு மாதத்துக்குள் ஒரே தடவையில் இருபது நிமிடம் மிதிக்க முடியும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அங்கே போய்ச் சேர அவசரம் எதுவும் இல்லை. அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. உங்களுக்கு அது இன்னும் முக்கியம். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவது, இந்த இரண்டும் போதும். தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால் முழங்காலுக்குப் பாதி வேலை மிச்சம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு எட்டிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கவோ மூச்சை அடக்கவோ வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும். பயிற்சிக்கு முன்பே ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்று ஏறாதீர்கள். முடிக்கும்போது சட்டென்று நிறுத்தி இறங்கினால் தலை சுற்றும், கடைசி மூன்று நான்கு நிமிடம் மெதுவாக மிதித்துவிட்டு இறங்குங்கள்.

கிளிமிபிரைடு சாப்பிடுவதால் ஒரு எச்சரிக்கை. உடற்பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோக அந்த மாத்திரை இடம் தரும். சாதாரணமாக அப்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். மெட்டோபிரோலால் அந்த இரண்டு அறிகுறிகளையும் மறைத்துவிடக்கூடியது. மறையாமல் மிஞ்சுவது முக்கியமாக வியர்வைதான், ஆனால் மிதித்தால் எப்படியும் வியர்க்கும். எது எதற்கான வியர்வை என்று எப்படித் தெரியும்? அதனால் முதல் சில வாரங்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். முன்பே 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று வேண்டாம். தாழ்நிலை அடிக்கடி வந்தால் மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றித் தருவார்.

பத்து நிமிடம் தாண்டியதும் கால் விரல்கள் மரத்துப்போவதாகப் பலர் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர்கள் உடனே நரம்பு போய்விட்டதோ என்று பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் பாதம் ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஷூ நாடாவைத் தளர்த்தி, எடையைக் குதிகால் பக்கம் மாற்றி, நடுநடுவே விரலை அசைத்தால் சரியாகிவிடும். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால், அல்லது படுக்கையில் இருக்கும்போதும் அது இருந்தால், காட்டவேண்டும். எப்படியானாலும் ஷூவைக் கழற்றியதும் உள்ளங்காலைப் புரட்டி, கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முழங்கால் வலி எவ்வளவு வரை பரவாயில்லை என்ற கேள்வி அடுத்து வரும். மிதிக்கும்போது லேசாக இருந்து இறங்கியதும் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் காலை எழுந்திருக்கும்போது முந்தைய நாளைவிட வலி அதிகமாக இருந்தால் முந்தைய வாரத்து நிமிடங்களுக்கே திரும்பிப் போங்கள். முழங்கால் வீங்கினாலோ, நடக்கும்போது மடங்கிக்கொண்டாலோ இயந்திரத்தை ஓரமாக விட்டுவிட்டு மூட்டைக் காட்டுங்கள்.