வீட்டு கோவிட் கிட்டில் ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்த கோடு

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் சனிக்கிழமை இரவு ரயிலில் வந்து இறங்கியிருக்கிறான். ஞாயிறு காலை தொண்டை வலி, 100 டிகிரி காய்ச்சல். வீட்டில் 74 வயது மாமியார். சர்க்கரை, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மெடிக்கல் ஷாப்பில் 250 ரூபாய் கிட் ஒன்று வாங்கி மதியம் பார்த்தார்கள். 15 நிமிடத்தில் ஒரே கோடு, அதாவது நெகட்டிவ். நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து, சமையல் மேடையில் கிடந்த கார்டை எடுத்துப் பார்த்த கணவர், முடிவைக் காட்டும் 'டி' பக்கம் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு இருக்கிறது என்கிறார். திங்கள் காலை வேறு பிராண்டு. மறுபடி ஒரே கோடு. இதற்கிடையில் லேபிலிருந்து ஒரு பையன் வந்து, "வீட்டு கிட்டெல்லாம் வேஸ்ட் ஆன்ட்டி" என்று சொல்லி 3,200 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் நீட்டியிருக்கிறான். எந்த கிட்டை நம்புவது, எது சுலபம், பேக்கேஜ் எடுக்கலாமா என்பது கேள்வி.

அவருக்கு அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே குழப்பத்தோடு மாதத்துக்கு நாலு பேராவது கேட்பதால், இங்கே கொஞ்சம் விரிவாக.

முதலில் அந்தச் சாம்பல் கோடு. அம்மா, அது கணக்கில் வராது. கார்டுக்குள் இருப்பது மை உறிஞ்சும் தாள் மாதிரி ஒரு பட்டை. நீங்கள் விடும் சொட்டு அதில் ஊறி மேலே ஏறும்போது, வைரஸின் புரதம் இருந்தால் நிறத்துகள்களோடு ஒட்டிக்கொண்டு 'டி' இடத்தில் மாட்டிக்கொள்ளும். எல்லாம் ஏறி முடிந்து பட்டை காயத் தொடங்கியதும், மேலே போன திரவம் கொஞ்சம் பின்னால் வரும். வரும்போது சாயமும் சேர்ந்து வந்து அங்கேயே படியும். ஈரச் சுவர் காய்ந்ததும் கறை தெரிகிறதே, அதுபோலத்தான். அதனால்தான் ஒவ்வொரு கிட்டிலும் ஒரு கெடு போட்டிருக்கிறார்கள். 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) முதன்முதலாக வீட்டு உபயோகத்துக்கு அனுமதித்த கோவிசெல்ஃப் கிட்டில், 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும், 20 நிமிடத்துக்குப் பிறகு தெரிவது செல்லாது. வேறு சில கிட்களில் 30 நிமிடம் வரை அனுமதி உண்டு. உங்கள் அட்டைப்பெட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம்.

ஆனால் இதையே எல்லா மங்கல் கோட்டுக்கும் பொருத்திவிடாதீர்கள். கெடுவுக்குள், அதாவது 15ஆவது நிமிடத்தில், 'டி' இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். வாசலில் மாவு குறைவாக எடுத்துப் போட்டாலும் கோலம் கோலம்தானே. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "இருக்கு, இல்ல" என்று வீடே பட்டிமன்றம் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது என்றாலும், நிறம் இருந்தால் இருக்கிறது. நிறமே இல்லாமல் ஒரு கீறல் போல, நிழல் போல இருந்தால் மட்டும் புது கிட்டில் திரும்பப் பாருங்கள். கிட் வேலை செய்வதைக் காட்டும் 'சி' இடத்தில் கோடே வரவில்லை என்றால் அந்த கிட் செத்துவிட்டது. 'டி'யில் என்ன வந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

சரி, எந்த பிராண்டு? பிராண்டுக்குப் பிராண்டு வித்தியாசம் இல்லாமலில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "தும்மல் வருகிறது என்று குச்சியை லேசாகத் தொட்டு எடுத்துவிட்டான்." அங்கேயே பாதி டெஸ்ட் போய்விட்டது. குச்சி 2 முதல் 4 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், மூக்கின் சுவரை ஒட்டி ஐந்து சுற்று, அதே குச்சியால் அடுத்த துளையிலும் ஐந்து சுற்று. முதலில் மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தும்மல் வரட்டும், கண்ணில் நீர் வரட்டும், அது சரியாகச் செய்வதன் அடையாளம். சொட்டு எண்ணிக்கையும் மாறும்: ஒன்றில் 2, இன்னொன்றில் 4. முதல் கிட்டின் பழக்கத்தில் இரண்டாவதைச் செய்வதுதான் வீடுகளில் நடக்கும் தவறு.

சுலபம் என்று பார்த்தால், திரவம் ஏற்கெனவே ஊற்றி மூடிய குழாய் வருகிற கிட்டை வாங்குங்கள். தனி பாட்டிலிலிருந்து குழாயில் கோடு வரை ஊற்றச் சொல்வது எங்கள் லேப் ஆட்களுக்குச் சரி; கண்ணாடியைத் தேடிக்கொண்டே பொடி எழுத்தைப் படிக்கிறவர்களுக்கு வேண்டாம். பெரும்பாலான கிட்கள் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கத்தரி வெயிலில் கடை வாசல் கண்ணாடி அலமாரியில் காய்ந்ததை வாங்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இனி அந்த இரண்டு நெகட்டிவ். காக்ரேன் அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, காய்ச்சல், இருமல் உள்ள, உண்மையிலேயே தொற்று இருக்கும் 100 பேரில் ஏறத்தாழ 73 பேரைத்தான் இந்த வகை டெஸ்ட் பிடிக்கிறது. அறிகுறி இல்லாதவர்களில் 55. அதே நேரம், தொற்று இல்லாதவரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று சொல்வது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆக, இது "இருக்கிறது" என்றால் நம்பலாம். "இல்லை" என்றால் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். தடுப்பூசி போட்டு, ஒருமுறை வந்தும் போன உடம்பில் முதல் நாளே காய்ச்சல் வந்துவிடுகிறது. ஆனால் வைரஸ் மூக்கில் உச்சத்துக்கு வருவது அறிகுறி தொடங்கிய மூன்றாம், நான்காம் நாளில். உங்கள் மகனுக்கு முதல் நாளும் இரண்டாம் நாளும் பார்த்திருக்கிறீர்கள், முதலாவது அரைகுறை ஸ்வாப் வேறு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 48 மணி நேர இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான். திங்கள் காலை பார்த்ததிலிருந்து எண்ணுங்கள்: புதன் காலை மூன்றாவது கிட். அதுவரை அவன் மாடி அறையில், சாப்பாடு வாசலில், மாமியார் பக்கம் தலைகாட்ட வேண்டாம்.

இப்போது அந்த லேப் பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, பில்லுக்கு இவ்வளவு கமிஷன் என்று அனுப்புகிறவர்கள் மேல்தான். 3,200 ரூபாய் பேக்கேஜில் என்ன இருக்கும்? சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், ஐஎல்-6 என்று அழற்சியையும் உறைதலையும் பார்க்கும் ரத்த டெஸ்ட்கள், அதோடு சிடி ஸ்கேனுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன். மூச்சுத் திணறல் இல்லாத, நடந்து திரியும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இதில் ஒன்றும் வேண்டாம். ஏதாவது ஓர் எண் லேசாக ஏறியிருக்கும், அதைப் பார்த்து நீங்கள் பயப்படுவீர்கள், அடுத்த வாரம் ரிப்பீட். ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் லேப் டெஸ்ட்) வேண்டுமென்றால் அதை மட்டும் கேட்டு, அதற்கு மட்டும் காசு கொடுங்கள். தனியாக எடுக்க முடியாது என்று சொன்னால் போனை வையுங்கள்.

இன்னொரு ஏமாற்று, இது ஆன்லைனிலும் நடக்கிறது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விடச் சொல்கிற கார்டைக் 'கோவிட் டெஸ்ட்' என்று விற்கிறார்கள். அது ஆன்டிபாடி கார்டு. முன்பு எப்போதோ வந்துபோனதையோ, போட்ட தடுப்பூசியையோதான் அது காட்டும். இன்றைய காய்ச்சலுக்கு அதில் பதில் கிடையாது. மூக்குக் குச்சி இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். ஐந்தாக வாங்கினால் பாதி விலை என்றால் காலாவதி தேதியைப் பாருங்கள். பாதி விலைக்குக் காரணம் அங்கே அச்சாகியிருக்கும்.

வீட்டு கிட்டில் பாசிட்டிவ் வந்தால் மறுபரிசோதனையே தேவையில்லை என்று 2021-இலேயே ஐசிஎம்ஆர் எழுதிவிட்டது. இருந்தும் ஆபீஸில் லீவு கேட்டால் ஆர்டி-பிசிஆர் சீட்டுத்தான் வேண்டும் என்கிறார்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞரிடம், காய்ச்சல் விட்டு பத்தாம் நாள் வேலையில் சேர நெகட்டிவ் சீட்டு கேட்டார்களாம். ஆர்டி-பிசிஆர் செத்த வைரஸின் துணுக்கையும் வாரக்கணக்கில் பிடித்துக் காட்டும். மூன்று முறை காசு கட்டி மூன்று முறையும் பாசிட்டிவ். வீட்டிலிருப்பவர்கள் 7 நாள் கழித்து, கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லையென்றால் வெளியே வரலாம், மறுபரிசோதனை வேண்டாம் என்று 2022 ஜனவரியில் மத்திய அரசே சொல்லியாயிற்று. அந்த மனிதவள அதிகாரிக்கு இதை யார் படித்துக் காட்டுவது?

மாமியார் விஷயத்தில் மட்டும் கிட் வேண்டாம். அவருக்குத் தொண்டை கரகரத்தாலோ, காய்ச்சல் எட்டிப் பார்த்தாலோ, ஏன், வழக்கத்தைவிடச் சோர்ந்து படுத்தாலோகூட அன்றே ஆர்டி-பிசிஆர். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பதென்றால் அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு அளவும் மாறும் என்பதால் அதை அவருடைய சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மகனுக்குக் காய்ச்சல் இருப்பதை அடுத்த டயாலிசிஸுக்குப் போகும் முன்பே அந்த யூனிட்டுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். சொன்னால் தேதி தள்ளிவிடுவார்களோ என்று மறைக்காதீர்கள். அங்கே பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் உங்கள் மாமியார் போன்றவர்தான்.

அந்த ஒரு மணி நேரக் கார்டை இன்னும் வைத்திருந்தால், கணவர் அடுத்த முறை எடுத்துப் பார்ப்பதற்குள் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.