குண்டூசியா, குப்பைத்தொட்டியா?
ஆங்கில ஒலிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். குண்டூசிக்கும் ‘பின்’, குப்பைத்தொட்டிக்கும் ‘பின்’. இரண்டையும் பிள்ளைகள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். எத்தனை முறை சொல்ல வைத்தாலும் மாறவில்லையே?
– ஆசிரியை, விழுப்புரம்

பதில்: சொல்ல வைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். பிள்ளைகளின் வாயில் எந்தக் குறையும் இல்லை. ‘அப்பா’வில் வரும் அழுத்தமான ப, ‘அம்பு’வில் வரும் அதிர்கிற ப, இரண்டையும் அவர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்ச் சொற்களில் எந்த ப வரும் என்பதை அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடும். பொருள் அதனால் மாறாது. அதனால் காது அதைக் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலத்திலோ பொருளே அங்கேதான் பிரிகிறது. ஆகவே முதலில் பழக்க வேண்டியது காதை.

பலகையில் இடது பக்கம் குண்டூசி, வலது பக்கம் தொட்டி வரையுங்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, கேட்ட சொல்லின் பக்கத்துக் கையைத் தூக்கட்டும். இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் கையைப் பார்த்துத்தான் எல்லாக் கையும் எழும். 20 முறை சொல்லுங்கள். ஒன்று விட்டு ஒன்றாகச் சொன்னால் வரிசையை ஊகித்துவிடுவார்கள், கலைத்துச் சொல்லுங்கள். 18 சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். உங்கள் ஒரு குரல் மட்டும் போதாது. ஆங்கில ர, ல வேறுபாட்டை ஜப்பானியர்களுக்குக் கற்பிக்க அமெரிக்காவில் நடந்து, 1991-ல் வெளியான ஆய்வில், பல குரல்களில் கேட்டுப் பழகியவர்கள் புதிய சொற்களிலும் முன்பைவிட நன்றாகப் பிரித்தறிந்தார்கள். நன்றாக உச்சரிக்கும் நான்கைந்து பேரைக் கைப்பேசியில் பேசவைத்துப் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு வாய். தொட்டிக்கு: ‘ம்ம்ம்’ என்று இரண்டு விநாடி இழுத்து, குரலை அறுக்காமல் ‘ம்ம்ம்பின்’. அம்புவின் ப தானே வந்துவிடும். அடுத்தடுத்த முறை ‘ம்’ஐக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் உதட்டை மூடிய நிலையிலேயே குரலைத் தொடங்க வைத்தால் போதும்.

குண்டூசிக்கு: விரல் அகலத்தில் அரைச் சாண் மெல்லிய தாளை, உதட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் தொங்கவிடுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். சொல்லும்போது தாள் துள்ள வேண்டும். தமிழ்ப் ‘ப’வில் அந்த மூச்சு வெடிப்பு இல்லை; அதனால்தான் நம் பிள்ளை சொல்லும் குண்டூசி ஆங்கிலேயர் காதில் தொட்டியாக விழுகிறது. சில பிள்ளைகள் ஊதும் ஆசையில் ‘ஃபின்’ என்பார்கள். உதடு முழுதாக மூடிய பிறகே வெடிக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

கேள்வி: எந்த ஒலியில் குரல் அதிர்கிறது என்று அறிய, தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எல்லா ஒலிக்கும் அதிர்கிறது என்கிறார்கள் பிள்ளைகள்.
– ஆசிரியர், தேனி

பதில்: அவர்கள் சொல்வது உண்மை. ‘ப’ என்றாலே கூடவே ஓர் உயிர் ஒலி வருகிறது, அதிர்வது அதுதான். இந்தச் சோதனையை, மூச்சு இருக்கும்வரை நீட்டக்கூடிய ஒலிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூன்று விநாடி நீட்டச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் குரலைச் சேர்க்கட்டும். கொசு பறக்கிற சத்தம் வரும். மிருகக்காட்சிச் சாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி அதுதான். நாம் பழகிவிட்ட ‘ஜூ’ அல்ல. ‘ஜ’வில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு மூடும், இதில் தொடவே கூடாது. தொண்டையைவிட இரு காதையும் பொத்திக்கொண்டு கேட்டால் அதிர்வு தெளிவாகத் தெரியும்.

கேள்வி: தொப்பியும் ‘கேப்’, வாடகைக் காரும் ‘கேப்’. கடைசி ஒலியை எப்படிப் பிரிப்பது?
– பெற்றோர், சேலம்

பதில்: கடைசி ஒலியை விட்டுவிட்டு அதற்கு முன்னால் வரும் உயிரைக் கவனியுங்கள். தொப்பியில் அது வெட்டிவிட்டது போலக் குறுகும், காரில் நீளும். ஆங்கிலம் பேசுகிறவர்களின் காதும் பெரும்பாலும் இந்த நீளத்தை வைத்தே பிரிக்கிறது. தொப்பிக்கு ஒரு தட்டு, காருக்கு மேசையில் கையை இழுத்து ஒரு தடவல் என்று சேர்த்துப் பழக்குங்கள். முடிவில் ‘கேப்பு’ என்று உகரம் ஒட்டிக்கொண்டால் இந்த அளவு குலைந்துவிடும். அதை உடனே திருத்துங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தின் ‘டபிள்யூ’, ‘வி’ இரண்டுமே நமக்கு ‘வ’தான்: மேற்கும் ‘வெஸ்ட்’, உள்பனியனும் ‘வெஸ்ட்’. இரண்டில் எது கடினம்?
– மாணவி, மதுரை

பதில்: மேற்குத் திசையின் ‘வெஸ்ட்’தான். பல்லும் இதழும் இயைய வகாரம் பிறக்கும் என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது; ஆகவே உள்பனியனின் ‘வெஸ்ட்’ நமக்குப் பக்கத்து வீடு, கொஞ்சம் உரசல் சேர்த்தால் போதும். திசைக்கோ பல் உதட்டைத் தொடவே கூடாது. கண்ணாடி முன் நின்று ‘ஊ’ என்று உதட்டைக் குவித்து, அங்கிருந்து ‘ஊஎஸ்ட்’ என்று விரைவாகத் திறவுங்கள். தொடங்கும்போதே கண்ணாடியில் பல் தெரிந்தால் தவறு.

கேள்வி: ‘திங்க்’ என்னும் சொல்லில் நாக்கை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டுமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அவசரம் இல்லை. த, ட இரண்டும் நம்மிடம் தனித்தனியாக இருப்பதால் ‘தின்’, ‘டின்’ குழம்புவதில்லை. பொருள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ‘த’ வர வேண்டிய இடத்தில் ‘ட’ வந்தால் மட்டும் திருத்துங்கள்.