சுண்டெலிக்குள் மனித நோயெதிர்ப்புச் செல்கள்: முதிர்ந்த ரத்தச் செல்களா, ஸ்டெம் செல்களா?

கேள்வி: புற்றுக்கட்டிக்கு எதிரான நோயெதிர்ப்பு மருந்து ஒன்றைச் சோதிக்க வேண்டும். மனிதச் செல்களைச் சுண்டெலியில் எப்படி ஏற்றுவது, எங்கே தவறும்?

சோதனை எத்தனை வாரம் ஓடும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முதிர்ந்த ரத்தச் செல்களை ஏற்றுவதா, ரத்தச் செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ஏற்றுவதா என்பது அதிலிருந்துதான் வரும்.

இரண்டு முறைக்குமே என்எஸ்ஜி போன்ற, நோயெதிர்ப்பு மிகக் குன்றிய சுண்டெலி இனம் வேண்டும். அதற்குச் சொந்தமாக டி, பி, என்கே எனும் நோயெதிர்ப்புச் செல்கள் கிடையாது. அதன் விழுங்கு செல்களில் உள்ள சிர்ப்-ஆல்ஃபா புரதம் மனிதச் செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி47 புரதத்துடன் நன்றாகப் பிணைவதால், ஏற்றிய செல்களை அவை விழுங்காமல் விட்டுவிடுகின்றன.

மூன்று நான்கு வாரச் சோதனைக்கு, வளர்ந்தவரின் ரத்தத்திலிருந்து பிரித்த ஒற்றைக்கரு செல்கள் (டி செல்கள் உள்ளிட்ட முதிர்ந்த வெள்ளணுக்கள்) போதும். எலி ஒன்றுக்கு 50 லட்சம் முதல் 1 கோடி வரை, 100–200 மைக்ரோலிட்டரில், வால் சிரை (ரத்தக் குழாய்) வழியாக. 40 மைக்ரான் வலையில் வடிகட்டாமல் ஏற்றினால், கட்டிபட்ட செல்கள் நுரையீரல் குழாயை அடைத்து எலி அங்கேயே இறந்துவிடலாம். நிலைத்துப் பெருகுபவை பெரும்பாலும் டி செல்களே. அவை எலியின் திசுக்களை அந்நியமாகப் பார்த்துத் தாக்கும். பொதுவாக 4–6 வாரங்களில் எடை குறையும், முதுகு கூனும், முடி உதிரும். வாரம் இரண்டு மூன்று முறையாவது எடை பாருங்கள். 20 சதவீதம் குறைந்தால் அந்த எலியை மேலும் வதைக்கக் கூடாது, சோதனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இந்த எடை இழப்பை மருந்தின் நச்சு என்று எழுதிவிடும் தவறு எளிதில் நேரும். அதனால் செல் மட்டும் ஏற்றி மருந்து தராத குழு கட்டாயம் வேண்டும்.

நீண்ட சோதனைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தின் சிடி34 என்ற அடையாளப் புரதம் கொண்ட ஸ்டெம் செல்கள். 3–4 வார வயது எலிக்கு முதலில் 1 முதல் 1.4 கிரே கதிர்வீச்சு, அதே நாளில் 50 ஆயிரம் முதல் 1 லட்சம் செல்கள். கதிர்வீச்சு அளவில் கை தாராளமாகக் கூடாது: டிஎன்ஏ முறிவைச் சரிசெய்யும் மரபணுவே இந்த இனத்தில் பழுது என்பதால், சாதாரண எலி தாங்கும் அளவு இதைக் கொன்றுவிடும். பிரித்தெடுத்த செல்களில் முதிர்ந்த டி செல்கள் கலந்திருந்தால் மேலே சொன்ன தாக்குதல் இங்கேயும் தொடங்கிவிடும். முதலில் பி செல்கள் தலைகாட்டும். டி செல்களுக்கு 12–16 வாரம் காத்திருக்க வேண்டும். 12ஆம் வாரம் ரத்தத்தில் வெள்ளணுக்களின் அடையாளப் புரதமான சிடி45ஐ, மனிதனுடையது, எலியுடையது இரண்டையும் சேர்த்து அளந்து, மனிதப் பங்கு 25 சதவீதத்துக்குக் குறைந்தவற்றை ஒதுக்குவது பரவலான வழக்கம்.

இதிலும் குறை உண்டு. எலியின் சில சைட்டோகைன்கள் (செல்களை வளரத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்கள்) மனித ஏற்பிகளில் வேலை செய்யாததால் மைலாய்டு செல்களும் (விழுங்கு செல்கள் போன்றவை) என்கே செல்களும் மெலிந்தே இருக்கும். உங்கள் மருந்து அவற்றை நம்பியதென்றால் மனித சைட்டோகைன் மரபணு சேர்த்த இனத்தை எடுங்கள். காம்ப்ளிமென்ட் (செல்லைத் துளைத்துக் கொல்லும் ரத்தப் புரதத் தொகுதி) வழியாகக் கொல்லும் எதிர்ப்பொருளை என்எஸ்ஜியில் சோதிக்கவே வேண்டாம். அந்தத் தொகுதிக்குத் தேவையான சி5 புரதம் அதில் இல்லை. நல்ல மருந்தும் தோற்றதாகத் தெரியும்.

குழு பிரிப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒரு கொடையாளரின் செல் ஏற்றிய எலிகள் எல்லாவற்றையும் மருந்துக் குழுவிலும், இன்னொருவருடையதைக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் வைத்தால், நீங்கள் அளப்பது இரண்டு மனிதர்களுக்கு இடையேயான வேறுபாடாகக்கூட இருக்கலாம். குறைந்தது மூன்று கொடையாளர்களை எடுத்து, ஒவ்வொருவருடைய எலிகளையும் எல்லாக் குழுக்களிலும் சமமாகப் பிரித்து வையுங்கள்.